கண் சொன்ன தீர்ப்பு

ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் அப்துல் டோல்லா என்றொரு ஜவுளி வியாபாரி இருந்தார். பிறந்தது கல்கத்தாவில், பெற்றோர் ஆப்கானியர். அமெரிக்கக் குடியுரிமை கேட்டு அவர் நீதிமன்றப் படியேறியபோது, கோட்டின் கையையும் சட்டையின் கையையும் மேலே ஏற்றும்படி நீதிபதி சொன்னார். முகமும் புறங்கையும் கறுத்திருந்தன. வெயில் படாத மேற்கை வெளுத்திருந்தது. தோலுக்கடியில் நீல நரம்பு தெளிவாகத் தெரிந்தது. இதெல்லாம் வழக்கு ஏட்டிலேயே பதிவாகியிருக்கிறது. இன்னொரு சாட்சியமும் வந்தது. வெள்ளையரை மட்டும் புதைக்கும் கல்லறைத் தோட்டத்தில் டோல்லா தனக்கென்று இடம் வாங்கி வைத்திருந்தார். குடியுரிமை கிடைத்தது. அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 1910இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. இன்று லட்சக்கணக்கான இந்தியர்கள் வாழும் டெக்சாஸும் அன்று அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இருந்தது.

ஒரு மனிதனின் கையைப் பார்த்து அவன் எந்த நாட்டுக் குடிமகன் என்று முடிவு செய்யும் நிலை எப்படி வந்தது? 1790இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய முதல் குடியுரிமைச் சட்டம், சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது. அடிமை முறை ஒழிந்த பிறகு, 1870இல், ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் இடையில் நின்றவர்கள், அதாவது ஆசியாவின் பெரும்பகுதி, கதவுக்கு வெளியேதான். ஆனால் வெள்ளையர் என்றால் யார் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே, பார்த்தாலே தெரியாதா என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் வரலாறுதான் இங்கே பேச்சு. பார்த்துச் சொன்னதாக நினைத்ததெல்லாம் ஏற்கெனவே முடிவு செய்த அபிப்பிராயம் என்பதும், கண்ணைப் பின்பற்றிச் சட்டம் போனதைவிடச் சட்டத்தின் பின்னால் கண் போனதே அதிகம் என்பதும் என் வாதம்.

ஆங்கிலத்தில் பார்வை பற்றிய சாதாரண வினைச்சொற்கள் இந்த வேலைக்கு மிகத் தோதானவை. ஒருவரை ‘லுக்ஸ்’ என்று தொடங்கி ஏதோ ஒன்றாகச் சொல்லிவிட்டால், சொல்பவர் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார். அபிப்பிராயம் எதிரே நிற்பவர் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. நினைக்கிறேன் என்றால் ஏன் நினைக்கிறாய் என்று கேட்கலாம். தெரிகிறது என்றால் எதிர்க்கேள்விக்கு இடமில்லை. தமிழும் இதற்கு விலக்கல்ல. பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, ‘லட்சணமாகத் தெரியவில்லை’ என்று காரியத்தையே முடித்துவிட்டுத் திரும்புவதுண்டு. ஆனால் நம் கூடத்தில் நடப்பது ஒரு குடும்பத்தோடு போய்விடும். அமெரிக்காவில் அது தேசத்தின் சட்டமாக இருந்தது.

கண்ணுக்கு எதிர்மாறாகத் தீர்ப்பு வந்த வழக்கு ஒன்று டெக்சாஸிலேயே உண்டு. சான் அன்டோனியோவில் ரிக்கார்டோ ரோட்ரிகெஸ் என்ற மெக்சிகோக்காரர் குடியுரிமை கேட்டார். மெக்சிகோ வம்சாவளியினர் ஓட்டுப் போடுவதைத் தடுக்க நினைத்தவர்களுக்கு அது நல்ல சந்தர்ப்பமாயிற்று. இவர் வெள்ளையர் அல்ல, பார்த்தாலே தெரிகிறது என்றார்கள். நீதிபதி தாமஸ் மேக்ஸியும் அதை மறுக்கவில்லை; மானிடவியலாரின் அளவுகோலை அப்படியே வைத்தால் இவர் வெள்ளையராக மாட்டார் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் 1897இல் குடியுரிமை கொடுத்தார். 1848இல் மெக்சிகோவோடு செய்த குவாடலூப் இடால்கோ ஒப்பந்தப்படி, பிடித்த நிலத்தோடு அங்கிருந்த மக்களையும் குடிமக்களாக ஏற்பதாக அமெரிக்கா வாக்களித்திருந்தது. அந்த வாக்குறுதிக்கு முன்னால் கண் வாயை மூடிக்கொண்டது. ஆக, தோல் நிறம் தீர்ப்பை நிர்ணயித்தே தீரும் என்ற கட்டாயம் எதுவும் அந்தக் காலத்திலும் இல்லை. நிர்ணயிக்க வேண்டும் என்று யாராவது விரும்பினால்தான் நிர்ணயித்தது.

கண்ணை நம்ப முடியாது என்று பட்ட நீதிபதிகள் விஞ்ஞானத்திடம் ஓடினார்கள். ‘காகேசியர்’ என்ற சொல் அப்படித்தான் வழக்குமன்றத்துக்குள் வந்தது. பம்பாய்ப் பக்கத்துப் பார்சியான பிகாஜி பல்சாரா 1910இல் நியூயார்க்கில் வென்றார்; பார்சிகள் வெள்ளையர்தான் என்று இரண்டாம் வட்ட நீதிமன்றம் ஏற்றது. சிரியாக்காரரான ஜார்ஜ் டவ் தென் கரோலினாவில் கீழ் நீதிமன்றத்தில் இருமுறை தோற்று, 1915இல் மேல்முறையீட்டில் வென்றார். ஆனால் விஞ்ஞானம் என்று கொண்டுவந்த அந்தச் சொல்லின் பிறப்பைக் கொஞ்சம் தோண்டினால் அதற்குள்ளும் கண்தான் உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த புளூமென்பாக் 1795இல் அந்தப் பெயரைப் பரப்பியபோது சொன்ன காரணங்களில் முக்கியமானது அழகு. காகசஸ் மலைப் பக்கத்து ஜார்ஜிய மக்கள்தான் மனிதரில் மிக அழகானவர்கள் என்பது அவர் எண்ணம். அங்கிருந்து வந்த ஒரு பெண்ணின் மண்டையோடு அவர் சேகரிப்பில் அவருக்கு மிகப் பிடித்தது. ஒருவரின் ரசனை நூறாண்டு கழித்து இன்னொரு கண்டத்தில் சட்டச் சான்றாயிற்று.

உச்ச நீதிமன்றத்தின் முறை 1922இல் வந்தது. டகாவோ ஒசாவா ஜப்பானில் பிறந்தவர்; பெர்க்லியில் பள்ளியும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் கண்டவர். அவர் வழக்கில் தீர்ப்பெழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து, நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது என்று தெளிவாகச் சொன்னார். ஆங்கிலேய வம்சத்திலேயே வெளுத்தவரும் உண்டு, கறுத்தவரும் உண்டு. அந்தக் கறுத்தவரைவிட வெளுத்த ஆசியர் எத்தனையோ பேர். எனவே வெள்ளையர் என்றால் காகேசியர். ஒசாவா காகேசியர் அல்ல. அப்படியானால் காகேசியர் வரிசையில் மானிடவியலார் வைத்திருக்கும் வட இந்தியருக்குக் கதவு திறந்திருக்க வேண்டுமே? பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிச் சீக்கியர் அந்தக் கதவைத்தான் தட்டினார். 1918இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, வாஷிங்டன் மாநிலத்துக் கேம்ப் லூயிஸில் இருந்து, நற்சான்றோடு வெளியே வந்தவர். 1923 பிப்ரவரி 19 அன்று அதே நீதிபதி, மூன்று மாத இடைவெளியில், கட்சி மாறினார். மானிடவியலார் என்ன சொன்னால் என்ன, சாதாரண மனிதனுக்குத் தெரிந்த பொருளில்தான் வெள்ளையர் என்ற சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாதாரண மனிதன் ஓர் இந்துவைப் பார்த்து வெள்ளையர் என்று சொல்லமாட்டான் என்றார். சீக்கியரை இந்து என்று எழுதியதை யாரும் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தில் பிறந்து சிறு வயதில் குடியேறிய சதர்லாந்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

இந்தத் தீர்ப்பில் தமிழர் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. வட இந்தியரின் ஆரியத் தூய்மை கெட்டுப்போனதற்குத் தீர்ப்பு காட்டும் சான்று, கறுத்த தோலுடைய திராவிடரோடு கலந்தார்கள் என்பது. வழக்கில் எந்தத் திராவிடரும் கட்சிக்காரராக இல்லை. மறுக்கவோ ஒப்பவோ யாரும் இல்லை. ஆனாலும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டார். திண்டின் தரப்பு மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. உயர்சாதி இந்து இந்தியாவின் ஆதிக்குடிகளோடு மணவுறவு வைத்துக்கொள்ளமாட்டார், அமெரிக்க வெள்ளையர் கறுப்பரைப் பார்ப்பதுபோலத்தான் அவர் அவர்களைப் பார்க்கிறார் என்பதையே தன் பக்கத்து நியாயமாக அந்தத் தரப்பு வைத்தது. எங்களையும் உங்களோடு சேருங்கள், நாங்களும் உங்களைப் போலவே மற்றவரைக் கீழாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்பதுதான் சுருக்கம். அந்த வாதம் வென்றிருந்தால் பஞ்சாபிக்குக் குடியுரிமை கிடைத்திருக்கும். தஞ்சாவூர்க்காரருக்கோ யாழ்ப்பாணத்தவருக்கோ அதே வாதமே பூட்டாகியிருக்கும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். சட்டம் படித்தவர்களின் ஆட்சேபம் என்பதால் லேசாகத் தள்ள முடியாது. 1790இல் சட்டம் எழுதியவர்கள் புளூமென்பாக்கைப் படித்துவிட்டு எழுதவில்லை, ஊர்ப்பேச்சில்தான் எழுதினார்கள். அப்படியென்றால் ஊர் என்ன பொருளில் பேசியதோ அந்தப் பொருளைத் தேடுவது நீதிபதியின் கடமை அல்லவா? சட்டத்துக்குப் பொருள் காணும் முறை என்ற அளவில் இதில் தவறில்லை. ஆனால் சதர்லாந்து எந்தச் சாதாரண மனிதனையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சவானாவில் டோல்லாவுக்கு வெள்ளையர் கல்லறையில் இடம் விற்றவரும் சாதாரண மனிதர்தான். திண்டைத் தற்காலிக சார்ஜென்டாக உயர்த்திய ராணுவமும் சாதாரண மனிதர்களால் ஆனதுதான். அவருக்குக் குடியுரிமை கொடுத்த ஓரிகன் நீதிபதி வால்வர்டனும் அதே ஊர்ப்பேச்சு பேசி வளர்ந்தவர்தான். மறுபக்கம், 1907இல் வாஷிங்டன் மாநிலத்துப் பெல்லிங்ஹாமில் இந்திய மரவாடித் தொழிலாளரை அடித்து ஊரைவிட்டே துரத்திய கும்பலும் சாதாரண மனிதர்கள்தான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஊர்க்கண் ஒன்றாக இல்லை, பலவாக இருந்தது. அதில் ஒன்றைப் பொறுக்கி, அதுதான் எல்லாருடைய கண்ணும் என்று நீதிமன்றம் முத்திரை குத்தியது. 1917இலேயே நாடாளுமன்றம் இந்தியாவிலிருந்து ஆட்கள் குடியேறுவதை அடைத்துவிட்டது என்பதையும் தீர்ப்பு துணைக்கு எடுத்துக்கொள்கிறது. அதாவது கண் சொன்னதாகச் சொல்லப்பட்டதைச் சட்டம் முன்பே சொல்லிவிட்டது.

தீர்ப்பின் அடி முதலில் விழுந்தது ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்தவர்கள்மேல். அறுபதுக்கும் மேற்பட்டோரின் குடியுரிமையைப் பறிக்க அரசு நடவடிக்கை எடுத்தது. திண்டுக்காக வாதாடிய வழக்கறிஞர் சகாராம் கணேஷ் பண்டிட்டையும் விடவில்லை. அவர் தனக்காகத் தானே போராடித் தப்பித்தார். வைஷ்ணோ தாஸ் பகாய் தப்பவில்லை. 1915இல் மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்திறங்கியவர். பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமான்களோடு குடிபோன அன்று, அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி அவர்களை உள்ளே விடவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை வைத்தார், 1921இல் குடிமகன் ஆனார். திண்ட் தீர்ப்புக்குப் பிறகு குடியுரிமை போயிற்று. குடியுரிமை பெற முடியாதவர் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கலிஃபோர்னியாச் சட்டம், சொத்தும் போயிற்று. இந்தியாவுக்கு ஒருமுறை போய்வர அமெரிக்கப் பாஸ்போர்ட் கேட்டார், கிடைக்கவில்லை. 1928இல் சான் ஹோசேயில் உயிரை மாய்த்துக்கொண்டார். காரணத்தை விளக்கி அவர் எழுதி வைத்த கடிதத்தைச் சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸாமினர் நாளிதழ் வெளியிட்டது. பூட்டிய கதவுக்கு வெளியே நின்ற கலா பகாயின் பெயரைத் தாங்கி இன்று பெர்க்லியின் நடுவில் ஒரு தெரு இருக்கிறது. நகர மன்றம் 2020இல் சூட்டிய பெயர்.

நிறம் கண்ணுக்குத் தெரியத்தானே செய்கிறது, இல்லாததை யாரும் பார்க்கவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நிறம் தெரியும். ஆனால் எந்த நிறத்துக்கு எந்தப் பெயர் என்பது தோலில் எழுதியிருப்பதில்லை. அமெரிக்கக் குடிக்கணக்கே அதற்குச் சாட்சி. 1930இலும் 1940இலும் கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று ஆளைப் பார்த்து இனத்தைக் குறித்தார்; இந்தியர் எந்த மதத்தவரானாலும் ‘இந்து’ என்பதே இனம். சீக்கியரும் முஸ்லிமும் அதே கட்டத்தில். 1970 வந்ததும் அதே இந்தியர் வெள்ளையர் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். நாற்பது ஆண்டில் யார் தோலும் வெளுக்கவில்லை. நடுவில் மாறியவை சட்டங்கள். 1946இன் லூஸ்–செல்லர் சட்டம் இந்தியருக்குக் குடியுரிமை வழியைத் திறந்து, ஆண்டுக்கு நூறு பேர் வரலாம் என்றது. 1952இல் குடியுரிமைக்கு இனத்தடையே நீங்கியது. லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் குடியுரிமை பெற்றது 1953இல். வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே வேண்டும் என்று நினைத்திருந்தாலும் சட்டம் விட்டிருக்காது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்த பிறகுதான் நியூ ஜெர்சிக்கும் ஹியூஸ்டனுக்கும் டாக்டர்களும் இன்ஜினியர்களுமாக நம்மவர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தத் தலைமுறைக்கு அமெரிக்கா வேறு பெயர் வைத்தது: கெட்டிக்காரர்கள், உழைப்பாளிகள். இதையும் பார்த்துத்தான் சொன்னதாக நினைத்தார்கள். படித்தவருக்கு முன்னுரிமை தந்த விசாச் சட்டம் படித்தவர்களாகச் சலித்து உள்ளே விட்டது என்பது கண்ணில் படவில்லை.

புகழ் எவ்வளவு மெல்லிய பூச்சு என்பது 1987இல் நியூ ஜெர்சியில் தெரிந்தது. ஜெர்சி சிட்டியின் நியூவர்க் அவென்யூவில் இந்தியக் கடைகள் பெருகியிருந்த காலம். ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட கும்பல் ஒன்று ஜெர்சி ஜர்னல் பத்திரிகைக்கு மிரட்டல் கடிதம் எழுதியது; இந்தியர்களை ஊரைவிட்டு விரட்டுவதே நோக்கம் என்றது. பெண்கள் நெற்றிப் பொட்டுதான் அந்தப் பெயருக்கு மூலம். பல பெண்கள் பொட்டில்லாமல் வெளியே போகத் தொடங்கினார்கள். அந்த செப்டம்பரில் பக்கத்து ஹோபோகனில் நவ்ரோஸ் மோடி என்ற 30 வயது வங்கி அதிகாரியை இளைஞர் கூட்டமொன்று அடித்துப் போட்டது. நான்கு நாளில் இறந்தார். கூட வந்த வெள்ளைக்கார நண்பர்மேல் கை வைக்கவில்லை. நால்வர் தண்டனை பெற்றார்கள், ஆனால் தாக்குதல் குற்றத்துக்குத்தான், கொலைக்கு அல்ல. மோடி ஒரு பார்சி. பல்சாராவை வெள்ளையர் என்று ஏற்ற நியூயார்க் நீதிமன்றத்துக்கும் மோடி விழுந்த தெருவுக்கும் நடுவே ஹட்சன் ஆறு ஒன்றுதான். 1910இல் அந்தக் கரையில் காகேசியராகத் தெரிந்த சமூகம் 1987இல் இந்தக் கரையில் பொட்டு வைத்தவர்களாகத் தெரிந்தது.

டெக்சாஸில் இதைவிடக் கொடூரமான தவறு நடந்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பழிவாங்கப் புறப்பட்ட மார்க் ஸ்ட்ரோமன் என்பவன் டல்லாஸ் வட்டாரத்தில் மூன்று கடைகளில் மூன்று பேரைச் சுட்டான். அரபியரைச் சுட்டதாக நினைத்தான். மூவரில் ஒருவர் பாகிஸ்தானியர், ஒருவர் வங்கதேசத்தவர், மெஸ்கீட் நகரில் பெட்ரோல் பங்க் நடத்திய வாசுதேவ் படேல் இந்தியர். ஒருவரும் அரபியர் இல்லை. ஒரு கண்ணை இழந்து பிழைத்த வங்கதேசத்தவர் ரயிஸ் பூயான், தன்னைச் சுட்டவனை மரண தண்டனையிலிருந்து காப்பாற்ற நீதிமன்றம் வரை போனார். பலிக்கவில்லை, 2011 ஜூலையில் தண்டனை நிறைவேறியது. ஸ்ட்ரோமன் சரியாகப் பார்த்திருந்தால், அதாவது உண்மையிலேயே அரபியரைச் சுட்டிருந்தால், குற்றம் ஒரு துளியும் குறைந்திருக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘ஆள் மாறிப்போச்சு’ என்று நம்மில் சிலர் அப்போது வருந்திய தொனியில் இந்த நியாயம் அடிபட்டுப்போனது.

இத்தனையும் வெளியார் கண் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. 1958இல் பெர்க்லிக்குப் படிக்க வந்த ஷ்யாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2020இல் துணை அதிபராகத் தேர்வானபோது, தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டு ‘நம்ம வீட்டுப் பெண்’ என்றார்கள். அவருடைய தாயாரோ, இந்த நாடு தன் மகள்களைக் கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று கணித்து அப்படியே வளர்த்தார். 2019இல் வந்த தன் நூலில் கமலா இதைச் சொல்கிறார். அமெரிக்கக் கண்ணை ஷ்யாமளா படித்த அளவுக்கு நாம் படிக்கவில்லை. 2024 ஜூலையில் சிகாகோவில் டிரம்ப், இந்தியராக இருந்தவர் திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்று பேசியதும், நம் ஊரில் கறுப்பினத் தந்தையை விட்டுவிட்டுத் தாய்வழியை மட்டும் கொண்டாடியதும் ஒரே வகைக் கண்மூடல்தான். சாதியிலும் இதே கதை. வெளியில் எல்லாரும் ஒரே பழுப்பு நிறமாகத் தெரியும் சிலிக்கான் பள்ளத்தாக்கில், முதுகில் தட்டிக்கொடுக்கும் சாக்கில் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதைத் தலித் பொறியாளர்கள் பேசியிருக்கிறார்கள். கண்ணால் பிரிக்க முடியாதபோது கை வருகிறது. 2020இல் கலிஃபோர்னியா அரசு சிஸ்கோ நிறுவனத்தின்மேல் சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. சாதியை வெளிப்படையாகத் தடை செய்யும் மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திடாமல் திருப்பினார். இருக்கிற சட்டங்களே போதும் என்பது அவர் சொன்ன காரணம்.

வெள்ளையர் கணக்கில் இருந்த இந்தியர்கள் 1970களில் அதிலிருந்து வெளியே வர மனுப் போட்டார்கள் என்பது டோல்லாவுக்கு நம்ப முடியாததாக இருந்திருக்கும். அசோசியேஷன் ஆஃப் இந்தியன்ஸ் இன் அமெரிக்கா என்ற அமைப்பு, வேலையிலும் பதவி உயர்விலும் எங்களை யாரும் வெள்ளையராகப் பார்ப்பதில்லை, கணக்கில் மட்டும் ஏன் என்று வாதிட்டது. சலுகைக்கு அலைவதாகப் பெயர் வரும் என்று சில இந்தியர்களே எதிர்த்தார்கள். 1980 குடிக்கணக்கில் ‘ஏஷியன் இந்தியன்’ என்று தனிக் கட்டம் வந்தது. ஆளைப் பார்த்து எழுதும் முறை அதற்குள் போய், அவரவர் தமக்குத் தாமே குறிக்கும் முறை வந்திருந்தது. 2020 படிவத்திலும் அந்தக் கட்டம் உண்டு. மதுரையிலிருந்து நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்தவர் அதில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போகலாம். அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கு அது பொருந்தாது; ‘பிற ஆசியர்’ என்பதைக் குறித்துவிட்டு, கீழே உள்ள கோட்டில் நாட்டின் பெயரைத் தன் கையால் எழுத வேண்டும்.